காதலர் தினமும் கலங்கிய நெஞ்சமும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றைய பேச்சின் பொருளை அறிவிப்புப் பலகையிலே கண்டவுடன் பெரியோர் சிலர் முகஞ் சுளித்திருப்பர். இந்து வாலிபர் சங்கத்தின் மேடையிலே காதலர் தினத்துக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமான கேள்விதான். அந்தத் தினத்தைக் கொண்டாடுங்கள் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. கண்டித்துப் பேசவும் வரவில்லை. கொண்டாடுகிறவர்கள் எப்படியும் கொண்டாடிவிடுவார்கள். அவர்களுக்கு எமது ஆசீர்வாதமும் வேண்டாம், எமது கண்டனமும் வேண்டாம். பெப்ரவரி 14 ஆந் திகதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பவர்களைப் பற்றியே இன்று சில வார்த்தை பேச எண்ணுகிறோம்.

அவர்கள் ஒரே வகையினர் அல்லர். தான் விரும்பிய பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்ட இளைஞன் ஒருவன். மூன்று வருடம் பேசிப் பழகி, கனடாவுக்குப் போனபின் வேறிடத்திலே கலியாணம் முடித்துவிட்டவனை மறக்கமாட்டாத பெண் ஒருத்தி. கணவன் கட்டாரிலே வேலை செய்ய, கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருக்கும் இளந்தாய் ஒருத்தி. சென்ற வருடம் மனைவியைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு வந்த முதியவர் ஒருவர். அந்த நாள் அவரையும் தொடும் என்று வீட்டில் எவரும் நினைப்பதில்லை. இன்னும், இதுவரை தாம் எவராலும் விரும்பப்படவில்லை என்பதையே பெருங்குறையாக எண்ணி உள்ளுக்குள் நாணுகிறவர்கள். இந்தக் கடைசி வகையினரே தொகையில் மிகுதி என்பது எமது எண்ணம். அவர்கள் சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இல்லாதவர்கள். ஆகையால் அவர்களைத் தேற்றுவாரும் இல்லை.

முன்னாளிலே அயலார் மகிழ்ச்சி வேலிக்கு அப்பால் நின்றது. கிடுகு வேலியின் பொட்டுக்குள்ளால் தெரிந்தது மட்டுமே தெரிந்தது. இக்காலத்துக் கைத்தொலைபேசியோ எல்லா வேலியையும் பிடுங்கி எறிந்துவிட்டது. வெள்ளவத்தைக் கடையிலே வாங்கிய றோசாப்பூ ஐந்து நிமிடத்தில் வவுனியாவிலே ஒருவர் கண்ணில் குத்துகிறது. பூக்கொடுத்த இருவரும் அன்று மாலையே சண்டை பிடித்திருக்கலாம். அது படத்திலே வருவதில்லை. பிறருடைய வாழ்க்கையின் ஒரு கணத்தை எமது வாழ்க்கை முழுவதோடும் வைத்துத் தராசிலே நிறுத்தால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்று சொல்லவேண்டுமா?

இனி, இந்தத் தினத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். அதிலே எமது பொருளுக்கு வேண்டிய ஒரு சங்கதி உண்டு.

வலன்ரைன் என்னும் பெயருடைய கிறித்தவ தியாகியர் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தனர் என்பர். அவர்தம் வரலாறு தெளிவானதன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1969 ஆம் ஆண்டிலே தன் பொது நாட்காட்டியிலிருந்து அந்தத் திருநாளை நீக்கியும்விட்டது. ஆகவே இது இன்ன சமயத்தின் திருநாள் என்று சொல்லிச் சண்டை பிடிப்பவர்கள் வீணாகத் தொண்டை நோகின்றார்கள். இந்நாளைக் காதலோடு இணைத்துப் பாடியவர்களுள் முதல்வராக எண்ணப்படுபவர் ஜெப்ரி சோசர் என்னும் ஆங்கிலப் புலவர். காலம் 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அன்றைய தினம் பறவைகள் எல்லாம் தத்தம் துணையைத் தெரிந்துகொள்ள ஒரு சபையாகக் கூடுகின்றன என்று அவர் பாடினார். அந்தச் சபையிலே ஒரு பெண் கழுகை மூன்று ஆண் கழுகுகள் விரும்புகின்றன. ஒவ்வொன்றும் தன் அன்பே பெரிது என்று வாதிடுகின்றது. பொழுது சாயும்வரை வழக்கு நடக்கின்றது. முடிவில், நீயே தெரிந்துகொள் என்று இயற்கைத் தாய் பெண் கழுகுக்குச் சொல்ல, அது என்ன சொல்லிற்று? எனக்கு ஒரு வருடம் தவணை வேண்டும் என்று கேட்டது. இயற்கைத் தாயும் தவணை கொடுத்தாள். காதலர் தினத்தைத் தொடக்கி வைத்த பாட்டிலே மூன்று காதலரும் விடை கிடையாமல் வீடு திரும்புகிறார்கள் என்பதை இன்று பூ விற்பவர்கள் எவரும் சொல்வதில்லை.

அதற்கு அடுத்தவர் ஓர்லியன்சு நாட்டுக் கோமகன் சார்ல்ஸ் என்பவர். 1415 இல் அஜின்கோர்ட் போரிலே ஆங்கிலேயர் கையில் அகப்பட்டு, இருபத்தைந்து வருடம் இங்கிலாந்திலே கைதியாக இருந்தவர். காதலர் தினப் பாட்டுக்கள் பாடியவர். 1440 இல் விடுதலை பெற்றுத் தாய்நாடு திரும்பியபோது, அவர் விட்டுப்போன மனைவி போன் உயிரோடு இல்லை.

மூன்றாவது சங்கதியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஆங்கில மொழியிலே இன்று கிடைக்கும் காதலர் தினக் கடிதங்களுள் மிகப் பழையது 1477 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எழுதப்பட்டது. இலண்டன் பிரித்தானிய நூலகத்திலே அது இருக்கின்றது. நோர்போக் மாகாணத்து மார்ஜரி புரூஸ் என்னும் பெண், தனக்குப் பேசப்பட்டிருந்த ஜோன் பாஸ்ரன் என்பவருக்கு அதை எழுதினாள். அந்தக் கடிதத்தின் சாரம் என்ன தெரியுமா? சீதனம்! மாப்பிள்ளை வீட்டார் கேட்ட தொகையைத் தகப்பனார் கொடுக்க ஒருப்படவில்லை. தாயார் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தும் ஆகவில்லை. பெண் எழுதுகிறாள்: உடம்பும் சரியில்லை, மனமும் சரியில்லை, உம்மிடமிருந்து செய்தி வரும்வரை இரண்டும் சரியாகா, நீர் என்னை உண்மையாக விரும்பினால் இதன்பொருட்டு என்னைக் கைவிடமாட்டீர் என்று நம்புகிறேன் என்று. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இந்தக் கடிதத்தை வடமராட்சியிலோ தீவகத்திலோ எந்த வீட்டிலே வாசித்தாலும் விளக்கவுரை தேவைப்படாது. நல்லவேளையாக அவர்கள் அந்த வருடமே மணந்துகொண்டார்கள். ஆனால் கடிதம் எழுதிய இரவிலே மார்ஜரிக்கு அது தெரியாது.

விடை கிடையாத மூவர், சிறையிருந்த ஒருவர், சீதனத்தால் கலங்கிய ஒருத்தி. இவையே அந்த நாளின் பழைய பத்திரங்கள். துயரம் அதன் முற்றத்திலேயே இருந்தது. பின்னர் வியாபாரம் வந்தது. 1840 இல் பிரித்தானியாவிலே ஒரு பென்னித் தபால் முறை ஏற்பட்டதும் அச்சடித்த வாழ்த்து அட்டைகள் பெருகின. 1860களிலே கட்பரி கம்பனியார் இதய வடிவான பெட்டியிலே சொக்கலேற் விற்கத் தொடங்கினர். மணமாகாதவரையும் முதிர்ந்தவரையும் கேலிசெய்யும் அட்டைகளும் அக்காலத்தில் விற்பனையாயின. பெயர் போடாமல் தபாலில் அனுப்புவார்களாம். இன்று கைத்தொலைபேசியிலே பெயரில்லாமல் வந்து விழும் வசைகளுக்கு அவை மூதாதையர் போலும்.

கீழைத்தேசத்தார் சிலர் இதைத் தம் போக்கிலே திருத்திக்கொண்டனர். கொரியாவிலே பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பரிசு கிடையாதவர்கள் ஏப்ரல் 14 ஆந் திகதி ஒன்றுகூடிக் கறுப்பு அவரைக் குழம்பு ஊற்றிய நூடில்ஸ் உண்கிறார்கள். பின்லாந்தவர் பெப்ரவரி 14 ஐ நண்பர் நாள் என்றே அழைக்கின்றனர். நூடில்ஸ் சிரிப்புக்குரிய பரிகாரமாகத் தோன்றலாம். தனித்திருப்பவர்கள் சேர்ந்திருந்து உண்ணவேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியதே, அதை நாம் சிரித்துத் தள்ளமாட்டோம்.

எமது பக்கத்துக்கு வருவோம். தமிழர் காதலை ஐந்து நிலமாக வகுத்தனர் என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அதிலே கூடல் குறிஞ்சி ஒன்றுக்கே உரியது. மற்றை நான்கும் என்ன? பாலை பிரிவு. முல்லை காத்திருப்பு. நெய்தல் இரங்கல். மருதம் ஊடல். இவை போதாவென்று ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும் தொல்காப்பியர் திணைகள் ஏழனுள் முதலாவதாக வைத்து எண்ணினார். மனம் நோகும் நிலைகளுக்கு ஒவ்வொரு நிலமும் பொழுதும் பூவும் பறவையும் கொடுத்துக் கௌரவித்த மொழி எமது மொழி. இதிலே பிறந்தவர்கள் மனம் நொந்ததற்காக வெட்கப்படுவது பொருந்தாது.

விழாநாளிலே தனித்திருந்தவள் ஒருத்தியின் கதையை இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். புகாரிலே 28 நாள் இந்திரவிழா. ஊர் முழுதும் கோலாகலம். அந்த விழாவின் கடலாட்டிலேதான் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடிய பாட்டினால் ஐயங்கொண்டு பிரிகிறார்கள். மாதவி தாழம்பூ மடலிலே கடிதம் எழுதி அனுப்ப, கோவலன் அதை வாங்க மறுக்கிறான். அனுப்பிய செய்தி வாசிக்கப்படாமலே கிடப்பது இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த துன்பமன்று.

மற்றொரு வீட்டிலே கண்ணகி இருக்கிறாள். அவளைத் தேடி வருகிறவள் தேவந்தி. இவள் யார்? கணவனோடு எட்டு வருடம் வாழ்ந்து, பின் அவனால் விட்டுச்செல்லப்பட்டவள். கைவிடப்பட்ட ஒருத்தியைத் தேடிக் கைவிடப்பட்ட இன்னொருத்தி வருகிறாள். கண்ணகி தான் கண்ட தீக்கனாவை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்வது அவளிடத்திலேதான். தேவந்தி ஒரு வழியும் சொல்கிறாள்: கடற்றுறையிலே இரண்டு பொய்கை உண்டு, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோயிலைத் தொழுதால் கணவரோடு கூடி இன்புறலாம் என்று. அக்காலத்துக் காதலர் தினப் பரிகாரம் என்றே அதனைச் சொல்லலாம். கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என்று ஒரே சொல்லிலே விலக்கிவிடுகிறாள். தோழி சொன்னதை ஏற்கவில்லை, தோழியை ஏற்றுக்கொண்டாள். எமது கருத்திலே அந்த மாலை கண்ணகிக்கு உதவியது தேவந்தி சொன்ன வழியன்று, தேவந்தி வந்திருந்ததுதான். துயரப்பட்டிருக்கும் சிநேகிதரிடம் போக நினைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலிலே நின்று திரும்பிவிடுகிற இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சொல்வது பிழைத்தாலும் பாதகமில்லை; போய்விடுங்கள்.

இன்னும் அணித்தான உதாரணம் ஒன்று மலையகத்திலே உண்டு. தேயிலைத் தோட்டங்களிலே மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். வடக்கிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்போருள் அதைப் பார்த்தவர்கள் சிலராகத்தான் இருப்பர். ஆண்டுதோறும் பெப்ரவரி 14 ஐ அடுத்தோ அதனைச் சூழ்ந்தோ அது நடப்பதாயினும், கொழும்புப் பத்திரிகைகளிலே றோசாப்பூ விளம்பரத்துக்குக் கிடைக்கும் இடம் அதற்குக் கிடைப்பதில்லை. அமாவாசை கழிந்த பின் காமன் கம்பம் நாட்டுவார்கள். வேடம் கட்டுவோர் விரதம் இருப்பார்கள். லயத்து முற்றத்திலே ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடக்கும். தோட்டம் முழுவதும் கலியாண வீட்டார்தான். சில நாளில் தேவர்களின் ஓலை வருகிறது. சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படவேண்டும். ரதி தீக்கனாக் கண்டு, போகவேண்டாம் என்று காலைப் பிடித்துத் தடுக்கிறாள். மன்மதன் கேட்கவில்லை. நெற்றிக்கண் திறக்கிறது. நள்ளிரவிலே தீ எரிகிறது. அதன்பின் ரதி அழுகிறாள்.

அந்த அழுகையை நாம் பெரிதாக எண்ணுகிறோம். ரதி வேடம் கட்டியவர் பகலிலே தோட்டத்தில் வேலைசெய்யும் ஓர் ஆண்மகன். அவர் விதவையின் புலம்பலைப் பாடுகிறார். சுற்றிநிற்கும் பெண்கள் சேர்ந்து அழுகிறார்கள். அவர்கள் ரதிக்காக மட்டுமா அழுகிறார்கள்? கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவனுக்காகவும், மண்சரிவிலே போனவனுக்காகவும், வீட்டிலே இருந்தும் இல்லாதவன் போல் குடித்துக் கிடப்பவனுக்காகவும் அந்த ஓர் இரவிலே அழுதுகொள்ளலாம். ஏன் அழுகிறாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். காதலைக் கொண்டாடும் விழாவுக்குள்ளேயே காதலை இழந்தவளுக்கு நடு முற்றத்திலே இடம் போட்டுவைத்திருக்கிறார்கள் எமது தோட்டத்து மக்கள். றோசாப்பூத் தினத்திலே இல்லாத ஒன்று இதுதான். அங்கே அழுகிறவருக்குக் கதவைச் சாத்திக்கொள்வதைத் தவிர வேறு இடமில்லை.

யாழ்ப்பாணத்தவர் இதைக் கேட்டு, அது தோட்டப்புறத்துக் கூத்து என்று ஒதுக்கவேண்டாம். கோயில் மண்டபங்களிலே கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். காமதகனப் படலத்தை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ரதியின் புலம்பலைக் கைகட்டியிருந்து கேட்டவர்கள்தாமே? காதற் பேச்சு கோயிலுக்கு ஆகாது என்பவர்கள் அந்தப் படலத்தின்போது எழுந்து வெளியே போனதாக நாம் அறியோம். சிவபெருமான் இறுதியிலே மன்மதனை உயிர்ப்பிக்கிறார். ஆனால் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் என்பது அவள் பெற்ற வரம். கணவனை இழந்த எமது தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். மாலையிலே சாய்மனைக் கதிரையைப் பார்த்தபடி அவர்கள் ஏன் பேசாதிருக்கிறார்கள் என்பது விளங்கும். அந்த நேரத்திலே இறந்தவருடைய பெயரைச் சொல்லி, அப்பு இருந்தால் இன்று என்ன சொல்லியிருப்பார் அம்மா என்று ஒரு பிள்ளை கேட்பதிலே குற்றமில்லை. பெயரை ஒளித்துவைப்பதால் துயரம் குறைவதில்லை.

மனநோவு வெறும் கற்பனை என்று எண்ணும் பெரியோருக்காக இரண்டொரு செய்தி சொல்லவேண்டும். 2003 ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலரைக் கணினித் திரையில் பந்தெறியும் விளையாட்டொன்றிலே ஈடுபடுத்தினர். சிறிது நேரத்தில் மற்றையோர் அவருக்குப் பந்து எறியாமல் விட்டனர். அவ்வேளை மூளையைப் படம்பிடித்தபோது, உடல்நோவின் வேதனையோடு தொடர்புடைய பகுதியொன்று கிளர்ந்தெழக் கண்டனர். நெஞ்சு நோகுது என்று பிள்ளை சொன்னால் அது உவமை மட்டுமல்ல. யப்பானிய வைத்தியர்கள் 1990 ஆம் ஆண்டிலே ஓர் இருதய நோயை விவரித்தனர். கடுந்துயரமோ அதிர்ச்சியோ நேர்ந்த வேளையில் இருதயத்தின் இடது கீழறை பலவீனமுற்றுப் பலூன்போல் உப்பிவிடுகிறது. கணவாய் இனத்தைச் சேர்ந்த சாக்குக்கணவாயைப் பிடிக்கும் பானையின் வடிவத்தை ஒத்திருப்பதால் அந்தப் பானையின் பெயரையே நோய்க்கும் வைத்தனர். முதிய பெண்களையே அது பெரிதும் பிடிக்கின்றது. உரிய சிகிச்சையோடு பெரும்பாலானோர் சில வாரத்திலே தேறிவிடுகின்றனர். ஆகையால் துக்கவீட்டிலே பாட்டிக்கு நெஞ்சு நோகிறது என்றால் கவலையினால் வந்தது என்று சொல்லிக் கோப்பி கொடுத்துப் படுக்கவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இளைஞர்களுக்குச் சொல்லவேண்டியது அந்த இரவைப் பற்றி. பகல் எப்படியோ கழிந்துவிடும். பதினொரு மணிக்குப் பின்தான் கை தானாகவே கைத்தொலைபேசியைத் தேடும். பழைய படங்களைப் பார்ப்பது, அவள் எப்போது கடைசியாக வந்து போனாள் என்று ஆராய்வது, நீண்டதொரு செய்தி எழுதி அனுப்பிவிட்டு விடியும்வரை பதிலுக்குக் காத்திருப்பது. புண்ணின் பொருக்கைப் பிய்த்துக்கொண்டே ஆறவில்லை என்று அழுவது போன்றது இது. அந்த இரவு மட்டும் அதை அம்மாவின் அறையிலே வைத்துவிடுங்கள். எழுதியே தீரவேண்டும் என்றால் கொப்பியிலே எழுதுங்கள். பென்னபேக்கர் என்னும் உளவியலாளர் 1986 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, தம் மனத்தை வருத்திய சம்பவத்தைத் தொடர்ந்து நான்கு நாள் பதினைந்து நிமிடம் எழுதிய மாணாக்கர் பின்வந்த மாதங்களிலே வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. அவர்கள் எழுதியதை எவருக்கும் அனுப்பவில்லை. மாதவியின் மடலும் அனுப்பப்படாமல் இருந்திருந்தால் என்று நாம் சிலவேளை நினைப்பதுண்டு. சிலப்பதிகாரம் அங்கேயே நின்றுபோயிருக்கும் என்று புலவர்கள் எம்மோடு கோபிப்பார்கள்.

மறுக்கப்பட்டவனுடைய கோபத்தைப் பற்றி நயமாகப் பேச நாம் விரும்பவில்லை. பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சோசரின் பறவைச் சபையிலே கழுகுகள்கூட அதை ஏற்றுக்கொண்டு பறந்தன. அவளுடைய படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டுவதும், ரியூசன் முடிந்து வரும் வழியிலே மறித்து நிற்பதும் காதலின் மிகுதி என்று சினிமா சொல்லும். அது கயமை; சட்டப்படி குற்றமும் ஆகும். அப்படிச் செய்யும் நண்பனைக் கண்டும் சிரித்துக்கொண்டு நிற்பவனையும் நாம் வேறாக எண்ணமாட்டோம். கோபம் வருவது இயல்பு. மட்டக்களப்பு நாட்டிலே கண்ணகி அம்மனுடைய சினத்தைத் தணிக்க வைகாசி மாதத்திலே குளிர்த்தி பாடுகிறார்கள். தெய்வத்தின் கோபமே ஊர்கூடிப் பாடித் தண்ணீர் தெளித்துத்தான் ஆறுகிறது என்றால், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கோபத்தைத் தனியே ஓர் அறையில் பூட்டிவைத்தால் எப்படி ஆறும்? அவனைப் பந்தடிக்கக் கூட்டிப் போங்கள், கிணற்றடியிலே நாலு வாளி ஊற்றிக் குளிக்கச் சொல்லுங்கள், திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசவேண்டும். 1995 ஆம் ஆண்டளவிலே எமது நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிகக்கூடிய தொகைகளுள் அதுவும் ஒன்று. பின்வந்த இருபது வருடத்துக்குள் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஏன்? இலங்கையர் கவலையெல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் சிலவற்றை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ததே பெருங்காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். இதன் பொருளை நன்றாக யோசியுங்கள். அந்த எண்ணம் வெள்ளம்போல் வந்து வடிகிற எண்ணம். அது உச்சத்திலே நிற்கும் சில மணித்தியாலம் கைக்கெட்டாமலும் தனிமையிலும் விடாமலும் காத்துவிட்டால், பெரும்பாலானோர் பிழைத்து வாழ்ந்து பேரப்பிள்ளை காண்கிறார்கள். எவராவது இனி இருந்து என்ன பயன் என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விடாதீர்கள். உயிரை விட நினைக்கிறாயா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் உண்டாகாது. தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவிக்கு 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். 1974 இலிருந்து சுமித்திரயோ என்னும் அமைப்பினரும் இப்பணியைச் செய்து வருகின்றனர். அங்கே எவரும் உங்கள் சாதியையோ சமயத்தையோ கேட்கமாட்டார்கள்.

பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை சாப்பிடாமல் கிடந்தால், படிக்கிற வயதிலே இது என்ன கூத்து என்று தொடங்கவேண்டாம். அந்தப் பேச்சுக்கு இன்னும் முந்நூற்று அறுபத்துநாலு நாள் இருக்கிறது. கதவைத் தட்டித் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலே இருங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களும் ஒருகாலத்திலே ஒருவரை நினைத்து உறங்காதிருந்தவர்கள் என்பதைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள்; அறிந்தால் கெட்டுப்போகவும் மாட்டார்கள்.

முல்லையிலே காத்திருப்பவளுக்கு ஒரு தவணை உண்டு. கார்காலம் வந்தால் தலைவன் வருவான். எமது நாட்டிலே காரும் வந்து கூதிரும் வந்து, 2009 இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும், கணவன் இருக்கிறானா இல்லையா என்றே அறியாமல் இருக்கும் பெண்கள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலிலே தம் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் ஒரு பெப்ரவரி மாதத்திலேதான்; 2017 ஆம் ஆண்டு, 20 ஆந் திகதி. அவர்களுக்குத் துக்கம் அனுட்டிக்கவும் வழியில்லை, மங்கலம் கொள்ளவும் வழியில்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்பதே காலைதோறும் ஒரு கேள்வி. அவர்களுக்கு என்ன சொல்லித் தேற்றுவது? நாம் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. அவர்களைக் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் முறைப்படி அழையுங்கள். அபசகுனம் என்று ஒதுக்குவோரைக் கண்டால் அந்த இடத்திலேயே தட்டிக் கேளுங்கள்.

முடிப்பதற்கு முன் ஓர் அறிவித்தல். எமது வாசிகசாலை வழக்கமாக மாலை 6 மணிக்குப் பூட்டப்படும். வருகிற 14 ஆந் திகதி மட்டும் இரவு 9 மணிவரை திறந்திருக்கச் செயற்குழுவினர் இணங்கியிருக்கின்றனர். கூட்டமில்லை, சொற்பொழிவில்லை, எவரும் எவரையும் விசாரிக்கமாட்டார்கள். பத்திரிகை வாசிக்கலாம், கரம் பலகை இருக்கிறது, சும்மா இருக்கவும் செய்யலாம். பெண் அங்கத்தவரும் தம் தாயாரையோ சகோதரியையோ கூட்டிக்கொண்டு வரலாம். முதியோருக்குச் சாய்மனைக் கதிரை இரண்டு ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. தேத்தண்ணீருக்கும் வடைக்கும் ஆகும் செலவை நாம் பார்த்துக்கொள்கிறோம். திறப்பு உதவிக் காரியதரிசியிடம் இருக்கும்.